பாத்திரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துடுங்க

ஒரு காட்டில், அது எந்தக் காடு, எந்த மாவட்டம் என்று குறுக்கே கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், சடையப்பன் என்றொரு முள்ளம்பன்றி குடும்பம் நடத்திவந்தார்.

முள்ளம்பன்றிகளுக்கே ஒரு பழக்கம் உண்டு. வழியில் எலும்பு கிடந்தால் விடமாட்டார்கள். கவ்விக்கொண்டு வந்து வளைக்குள் போட்டு, பல் குறுகுறுக்கும்போதெல்லாம் கடித்துக்கொள்வார்கள். சடையப்பனின் அப்பா எலும்போடு நிறுத்திக்கொண்டார். சடையப்பன் முற்போக்கு. காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் விட்டுப்போன மூடியில்லாத பாட்டில், பாட்டிலில்லாத மூடி, இடதுகால் செருப்பு, எந்த போனுக்கும் பொருந்தாத சார்ஜர், சமைத்துவிட்டுக் கழுவச் சோம்பி எறிந்துபோன அலுமினியப் பாத்திரங்கள், எல்லாவற்றுக்கும் அவர் வளையில் அடைக்கலம் உண்டு. "ஒரு நாளைக்கு உதவும்" என்பார். அந்த ஒரு நாள் மட்டும் அந்தப் பக்கம் வந்ததேயில்லை.

தன் முதுகிலிருந்து உதிர்ந்த முட்களைக்கூட அவர் எறிந்ததில்லை. கட்டுக் கட்டாகக் கட்டி வைத்திருந்தார்.

"இது நம்ம கல்யாணத்தன்னிக்கு விழுந்தது" என்று ஒரு முள்ளை எடுத்துக் காட்டுவார்.

"அன்னிக்கு மட்டுமா விழுந்துச்சு? என்னைக் கட்டின நாள்லேர்ந்து உங்களுக்கு விழுந்துக்கிட்டேதான் இருக்கு" என்பாள் அவர் மனைவி வேலம்மா.

வளை என்னவோ பெரிய வளைதான். ஆனால் உள்ளறைகளில் சாமான் குடியிருந்தது. வேலம்மா வாசலில் குடியிருந்தாள். மழை பெய்தால் பாதி வேலம்மா நனைவாள். எந்தப் பாதி என்பது அன்றைக்கு அவள் எந்த வாட்டத்தில் படுத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்தது.

இப்படியிருக்கையில் அடுத்த மலையில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் ஊசிமணியிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, எனக்கு மாசம் ஆயிடுச்சு. தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்கு வரணும்னுதான் ஆசை. ஆனா அங்கே நான் திரும்பிப் படுக்க இடம் இருக்கா? என் மாமியார் தனி அறை ஒதுக்கி, புல்லெல்லாம் பரப்பி வெச்சிட்டாங்க."

"இடத்துக்கு என்னம்மா? தாராளமா இருக்கே!"

"எங்கேப்பா?"

சடையப்பன் சுற்றும் முற்றும் பார்த்தார். "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்றார்.

பேசி முடித்த வேலம்மாவின் முதுகில் ஒரு முள் பாக்கியில்லாமல் எழுந்து நின்றது.

"கேட்டுக்குங்க. பௌர்ணமிக்கு வர்றேன்னு சொல்றா. அதுக்குள்ள உள்ளறை காலியாகலேன்னா அங்கேயே பெத்துக்குவாளாம். அப்புறம் அந்த சம்பந்தியம்மா சும்மா இருப்பாளா? 'பொறந்த வீட்ல படுக்க இடமில்லாம நான்தான் பார்த்தேன்'னு பேரப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவா. எனக்கு என் பொண்ணு இங்கே வரணும். உங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

சடையப்பன் யோசிக்கவில்லை. நேராக வேலையில் இறங்கினார். காலையில் ஒரு பாட்டில் மூடியை எடுத்துக்கொண்டு எறியப் போனார். போன வழியில் இரண்டு நல்ல மூடிகள் கிடந்தன. மூன்றோடும் திரும்பினார்.

"எங்கிட்டயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு வேலம்மா. யாராவது பெரியவங்ககிட்ட போனாத்தான் சரிப்படும்."

அந்தக் காட்டில் பெரியவர் என்றால் கொக்கு சாமிதான். ஏரிக்கரையில் 'விட்டுவிடு' என்று முகாம் நடத்திவந்தார். போனில் பதிந்து டோக்கன் வாங்க வேண்டும். எதையும் முந்திப் பிடிக்காமல் இருப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வந்த கூட்டம், வரிசையில் முண்டியடித்துக்கொண்டு நின்றது. சாமி ஒற்றைக் காலில் நின்றார். இன்னொரு காலை ஏற்கெனவே துறந்துவிட்டதாகப் பேச்சு. ஒரு கண் பக்தர்கள் மேல் இருந்தது. மற்றது கெண்டை மீன் மேல்.

"கண்ணை மூடு. உன் வளை தீப்பிடித்து எரிகிறது. எதை எடுத்துக்கொண்டு ஓடுவாய்? அதுதான் உனக்கு முக்கியம். மற்றதெல்லாம் குப்பை" என்றார் சாமி.

சடையப்பன் கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. முகாமில் பாதிப் பேர் கலைந்து போனார்கள். சாமிக்கு நின்ற காலே மரத்துப்போனது.

"என்னப்பா ஆச்சு?"

"இன்னும் கொஞ்சம்தான் சாமி. பாட்டிலெல்லாம் வெளியே கொண்டாந்தாச்சு. முள்ளுக்கட்டும் வந்தாச்சு. சார்ஜர்தான் சிக்கிக்கிட்டிருக்கு."

"நெருப்பு எரியுதுய்யா!"

"எரியட்டும் சாமி. நடை நடையாத்தான் எடுக்க முடியும்? இந்தா, எல்லாம் ஆச்சு. ஒண்ணு விடல." சடையப்பன் பெருமையாகக் கண்ணைத் திறந்தார்.

"வீட்டில் வேறு யாரும் இல்லையா?"

"இருக்காளே, என் சம்சாரம்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசலில் படுத்திருந்தவளைத் தாண்டித் தாண்டித்தானே அத்தனையையும் வெளியே எடுத்தார்! 'கொஞ்சம் நகர்ந்துக்கோ' என்றுகூட இரண்டு தடவை சொன்னதாக ஞாபகம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தார். "பொய் நெருப்புல கூடக் கட்டினவளை விட்டுட்டு வந்த கழுதை நான்." அவர் முள்ளம்பன்றி என்பது அவருக்கே அன்றைக்கு மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் வேலம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு உயிரோடு இருக்க முடியாது. விறுவிறுவென்று சாமான்களை அலுமினியப் பாத்திரங்களில் வாரிப் போட்டார். முதல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கரடி மாமா குகைக்குப் போனார்.

"என்ன சடையப்பா, என்ன விசேஷம்?"

"பொண்ணு பிரசவத்துக்கு வர்றா மாமா. இதெல்லாம் நீங்க வெச்சுக்குங்க."

கரடி மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகளுக்காக ஊராருக்குச் சீர் கொடுக்கும் தகப்பனை அவர் அதுவரை பார்த்ததில்லை. சடையப்பன் திரும்பி நாலடி வைத்தார். அதோடு போயிருக்கலாம். போயிருந்தால் இந்தக் கதை இந்த இடத்தில் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பாத்திரம் நல்ல கனமான பாத்திரம். ஒரே ஒரு நெளிசல்தான்.

திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "பாத்திரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துடுங்க மாமா."

மந்தியக்கா வீட்டிலும் அதையே சொன்னார். நரியிடமும், உடும்பிடமும், ஆற்றோரத்து மிளா மான்களிடமும் அதையே சொன்னார். சாயங்காலத்துக்குள் உள்ளறை காலி. வேலம்மா உள்ளே போய்க் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தாள். ஒரு தடவை புரண்டும் பார்த்தாள். "பரவாயில்லீங்க, உங்களுக்குள்ளேயும் ஏதோ இருந்திருக்கு" என்றாள். சடையப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. அதில் ஒரு முள் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர், எடுக்கவில்லை. அப்படிப்பட்ட சாயங்காலம் அது.

மறுநாளிலிருந்து பாத்திரங்கள் திரும்பி வர ஆரம்பித்தன.

முதலில் கரடி மாமா வந்தார். பாத்திரம் நிறையத் தேன் வடித்த சக்கை. அதற்குமேல் கிழிந்த கூடாரத்துணி ஒன்று.

"மாமா, என்னது இது?"

"பின்னே, வெறும் பாத்திரத்தையா திருப்பிக் குடுப்பாங்க? அதுவும் புள்ளத்தாச்சி வர்ற வீட்டுக்கு! நான் என்ன அவ்வளவு கேடுகெட்டவனா?"

மந்தியக்கா ஓடாத சுவர்க்கடிகாரம் கொண்டுவந்தாள். "நேரம் காட்டாது. ஆனா பார்க்க லட்சணமா இருக்கும்" என்றாள். நரி ஒரு குடைக்கம்பியும் தெர்மாக்கோல் பெட்டியும் தந்தது. மிளாக்கள் உதிர்ந்த கொம்புகளைக் கொண்டுவந்து குவித்தன. அந்தக் காட்டில் அத்தனை பேர் வீட்டிலும் எறிய மனசில்லாத ஏதோ ஒன்று ஒரு நல்ல காரியத்துக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது சடையப்பன் வீட்டில் நல்ல காரியம்.

வேண்டாமென்று சொல்ல முடியுமா? சீரைத் திருப்பினால் சண்டை. அவசரத்தில் சடையப்பன் கடிகாரத்தை அதே பாத்திரத்தில் வைத்து உடும்பு வீட்டுக்குத் தள்ளிவிட்டார். பழக்கதோஷத்தில் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டார். அது ஒரு பழைய மெத்தையோடு வந்து சேர்ந்தது.

பௌர்ணமிக்கு முன்பாகவே ஊசிமணி வந்துவிட்டாள். வரும் வழியிலேயே வலி எடுத்துவிட்டது. வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே மூக்கை நுழைக்க வழியில்லை. மெத்தை பாதி வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, இடம் இருக்குன்னு சொன்னியேப்பா!"

வேலம்மா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

சடையப்பன் தன் சாமான்களைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. வளைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பக்கத்து மேட்டில் போய் இரண்டு கைகளாலும் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தார். நகம் பெயர்ந்தது. பறித்தார். வேர் குறுக்கிட்டது. கடித்து எறிந்துவிட்டுப் பறித்தார். சாமான் சேர்ப்பதைத் தவிர அந்தக் கைகளுக்கு இப்படியொரு வேலையும் தெரியும் என்பதை வேலம்மாவே வெகுகாலத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தாள். அவளும் சேர்ந்து பறித்தாள். பொழுது சாய்வதற்குள் ஓர் அறை தேறிவிட்டது. அங்கே பேத்தி பிறந்தாள். பிறக்கும்போதே கண் திறந்திருந்தாள். முள் மட்டும் இன்னும் பஞ்சு மாதிரி இருந்தது.

குழந்தை பார்க்க வந்த கொக்கு சாமி, இரண்டு வளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டினார்.

"பொருளை விட்டவர்கள் உண்டு. பொருளோடு சேர்த்து வீட்டையே விட்டுவிட்டு, முள்ளும் முதுகுமாகப் புறப்பட்டு வந்த மகானை இப்போதுதான் பார்க்கிறேன்!"

காடே கையெடுத்துக் கும்பிட்டது. கரடி மாமா சடையப்பனின் காலில் விழுந்தார். சடையப்பனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் தினமும் விடியுமுன் பழைய வளைக்குப் போய், சாமானெல்லாம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவது பக்தர்களுக்குத் தெரியாது. வேலம்மாவுக்குத் தெரியும். கூட்டத்துக்குப் பின்னால் விளக்குமாறும் கையுமாக நின்ற அவள், மகள் காதில் மட்டும் சொன்னாள்:

"ஊருக்கெல்லாம் உங்கப்பா மகானாம். நான் மட்டும் ரெண்டு வீட்டையும் பெருக்கணும்."

நீதி: சாமானை விட முடியாதவர்கள் வீட்டை விட்டால் போதும், துறவி என்ற பெயர் தானாக வரும். பெருக்குகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது.