நாலாம் நம்பர் நண்டு

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாலாம் நம்பர் நண்டு மல்லாந்து கிடந்தது. குற்றாலலிங்கம் பென்சிலால் தொட்டுப் பார்த்தார். அசைவில்லை. பதினொரு மணிக்கு நிபுணர் குழு வருகிறது.

திருவனந்தபுரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் அவருக்குத் தற்காலிக வேலை. மனிதனைப் போல நண்டும் போதைக்கு அடிமையாகுமா என்பதுதான் ஆராய்ச்சி. கண்ணாடித் தொட்டியில் இரண்டு அறைகள். ஒன்றின் சுவரில் கறுப்புக் கோடுகள். மற்றது வெறும் சுவர். கோடு போட்ட அறையில் வைத்து நண்டுக்குப் போதை மருந்து கொடுப்பார்கள். சில நாள் கழித்து, மருந்து கொடுக்காமல் நடுவில் விடுவார்கள். அது தானாகவே அந்த அறையைத் தேடிப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

மற்ற நண்டுகள் யோசித்து யோசித்துத்தான் போயின. நாலாம் நம்பர் மட்டும் எட்டு மாதமாக, பஸ் பிடிக்கிற அவசரத்தில் ஓடியது. அதைக் காட்டித்தான் ஆராய்ச்சித் தலைவி பத்மஜா மேடம் திட்டத்துக்கு மூன்று வருஷம் நீட்டிப்பு கேட்டிருந்தார். இன்று வரும் குழு சம்மதித்து நீட்டிப்பு கிடைக்காவிட்டால் குற்றாலலிங்கம் இந்த மாதத்தோடு தென்காசிக்கு வண்டி ஏற வேண்டியதுதான்.

கலந்து பேசவும் ஆளில்லை. தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் பொன்னம்மை லீவில் நாகர்கோவில் போயிருந்தாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாளையம் சந்தைக்குப் பறந்தார்.

மீன்காரியின் கூடை நிறைய விழிஞ்ஞத்துக் கடல் நண்டுகள். அடியில் நாலாம் நம்பரைப் போலவே ஒரே ஒரு ஆற்று நண்டு உயிரோடு இருந்தது. காலை ஒடித்துச் சுத்தம் பண்ணித் தரட்டுமா என்று கேட்டாள். பரம்பரைச் சைவரான குற்றாலலிங்கம் பதறிப்போய், அப்படியே வேண்டும், ஓட விட்டுப் பார்க்கத்தான் என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

முதுகில் வெள்ளை நகப்பூச்சால் 4 என்று எழுதி, தொட்டியில் விட்டார். புது நண்டு நேராக வெறும் சுவர் அறைக்குப் போய் உட்கார்ந்தது. மூன்று தடவை விட்டார். மூன்று தடவையும் அங்கேதான்.

மறுபடியும் சந்தை. அதே மீன்காரி. ஒரே ஒரு மத்தி மீன் கேட்டார்.

"ஓடிச்சா?"

"ஓடிச்சு. தப்பான பக்கம் ஓடிச்சு."

மத்தியைக் கோடு போட்ட அறையில் கூழாங்கற்களுக்கு அடியில் புதைத்தார். நண்டு இந்தத் தடவை சரியாக ஓடியது. ஆனால் அறை முழுக்க மீன் நாற்றம். அந்த நேரம் பார்த்து பத்மஜா மேடம் உள்ளே வந்தார்.

"என்ன குற்றாலம், மீன் வாடை வர்றதே?"

"என் சாப்பாடு, மேடம்."

"நீங்க சைவமாச்சே?"

"நேத்து வரைக்கும்."

வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மேடம் பரிவோடு விசாரித்துவிட்டுப் போனார்.

பதினொரு மணிக்குக் குழு வந்தது. புது நாலாம் நம்பர் ஓடியது. எல்லோரும் தலையாட்டினார்கள். குழுத் தலைவர் ஸ்ரீனிவாசன் மட்டும், மருந்தே பார்க்காத நண்டு ஒன்றையும் விடச் சொன்னார். ஒன்பதாம் நம்பரை விட்டார்கள். பிறந்ததிலிருந்து எந்தப் போதையும் அறியாத அந்த நண்டு, நாலாம் நம்பரைவிட வேகமாக ஓடியது. இரண்டும் கட்டிப் புரண்டு கற்களைக் கிளற, நடுவிலிருந்து மத்தியின் தலை எழுந்து எல்லோரையும் பார்த்தது.

பத்மஜா மேடம் குற்றாலலிங்கத்தைப் பார்த்தார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. காலையில் நண்டு செத்ததிலிருந்து மத்தி வரைக்கும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். ஸ்ரீனிவாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்புதான். ஆனா மனுஷன் ஒளிக்காம சொல்லிட்டார். இன்னிக்குச் சோதனையை விட்டுடுவோம். எட்டு மாசம் அந்த நண்டு ஓடினது பொய்யில்லையே. அது போதும்."

நீட்டிப்புக்குச் சிபாரிசு செய்து, இப்படி ஒரு நேர்மையான ஊழியரைத் தாம் பார்த்ததில்லை என்றும் குறிப்பில் எழுதிவிட்டுப் போனார். குற்றாலலிங்கம் தனியாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மைக்கு இவ்வளவு மரியாதை இருக்கிறது என்று ஐம்பது வயதில்தான் அவருக்குத் தெரிந்தது.

மத்தியானம் பொன்னம்மை பஸ்ஸிலிருந்து இறங்கி, கட்டைப்பையோடு நேராக வேலைக்கு வந்தாள். அவளிடமும் முழுக் கதையையும் சொன்னார். அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்தாள்.

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கப்பிடாதா சாரே? மொத நாலாம் நம்பரு மொத மாசமே செத்துட்டு, பின்ன கல்லாற்றிலேருந்து அஞ்செண்ணம் நான் மாத்தியாச்சு. மத்தி நாறும்னுதான் எப்பவும் நான் நெத்தோலிப் பொடிமீனு வைக்கது."