தூங்கியே தியாகியான சோடாக்காரர்

தூங்கியே தியாகி ஆனவர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஊர் சோடாக்காரர். அதே கலகத்தில் அடிபட்டுப் பல்லை இழந்தவன் நான். எனக்கு ஒரு முழம் பூகூட விழவில்லை. பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், பொறாமைதான்.

அறுபதுகளின் கடைசி. கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். கும்மிடிப்பூண்டி பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று பேச்சு கிளம்பியதும், பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலிக்குத் திடீர் மவுசு வந்துவிட்டது. இருந்த தலைவரோ இறங்குகிற ஜாதியில்லை. சைக்கிள் கடை வைத்திருந்த நான் வார்டு மெம்பர்; அவரைக் கவிழ்க்கத் திட்டம் போட்டவனும் நான்தான். சோடாக்காரரும் மெம்பர் என்பதால் சேர்த்துக்கொண்டேன்.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்றால் எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. எதிராளி மெம்பர்களைக் கலைத்துவிடாதபடி, எல்லை தாண்டி ஆந்திராவில் வைத்துச் சோறு போடவேண்டும். நாங்கள் சூளூர்ப்பேட்டையில் ஒரு ரைஸ்மில்லில் தங்கினோம். மற்றவர்கள் பயத்தில் இளைத்தார்கள். சோடாக்காரர் மட்டும் ஊதினார்.

"புரட்சின்னா இப்டித்தான் இர்க்கணும் நைனா! இன்னும் ரெண்டு நாள் தள்ளிப் போடக்கூடாதா?" என்றார்.

ஓட்டு நாளன்று செங்குன்றத்துக்கு நெல் ஏற்றிப் போகும் லாரியில் கிளம்பினோம். நாங்கள் டிரைவர் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். "நான் மூட்டை மேல காத்தாட படுத்துக்கினு வரேன்" என்று அவர் ஏறிக்கொண்டார். வழியில் எங்கள் ஊர் வந்ததும் குதித்து ஓடினோம். அவரும் இறங்கியிருப்பார் என்றே ஒவ்வொருவரும் நினைத்தோம். தாசில்தார் கை தூக்கச் சொன்னபோதுதான் ஒரு கை குறைந்தது தெரிந்தது. தீர்மானம் தோற்றது. வெளியே வந்ததும் தலைவரின் ஆட்கள் என்னைப் புரட்டி எடுத்தார்கள். என் முன்பல் அங்கேயே போனது.

சாயங்காலம் சோடாக்காரர் வந்தார். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம், கிழிந்த சட்டை. "அய்யோ, நம்ம ஆளைக் கடத்திட்டானுங்கப்பா!" என்று எவனோ கத்தினான். அவ்வளவுதான், ஊர் அவரைத் தோளில் தூக்கிவிட்டது. ரத்தம் துப்பிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளு, வழியில நின்னுக்கினு!" என்றார்கள்.

அடுத்த தேர்தலில் தலைவர் பதவிக்கு நானும் நின்றேன், அவரும் நின்றார். எனக்கு டெபாசிட் போனது. வெற்றிக் கூட்டத்தில் மனிதர் மைக்கைப் பிடித்து உண்மையையே சொன்னார்.

"என்ன யாரும் கடத்தலபா. லாரி மேல தூங்கிட்டேன். செங்குன்றத்துல மூட்டையோட மூட்டையா உருட்டி வுட்டுட்டானுங்க. நெஜமா அடி வாங்குனது சைக்கிள் கடைக்காரருதான்."

"அடிச்சவனையே காட்டிக்குடுக்க மாட்டேன்றாரு பாரு! மனுசன்னா இவருதான்!" என்று கூட்டம் விசிலடித்தது. நான் சொல்லக் காத்திருந்த உண்மை. அதற்கும் கைதட்டல் அவருக்கே போனது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

தலைவரான பிறகும் மத்தியானத்தில் என் கடைக்கு வருவார். தன் கையாலேயே கோலி சோடா உடைத்து நீட்டுவார். "பேஜாராகாத நைனா. நான் சொன்னா எவன் நம்புறான்?" என்பார். வயிற்றெரிச்சலோடு குடிப்பேன். ஒரு நாள் வராவிட்டால் மட்டும் தெருவை எட்டி எட்டிப் பார்ப்பேன்.

சில வருஷத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். படத்திறப்பில் ஆளாளுக்குக் கடத்தல் கதையைப் பேசினார்கள். அப்போது பழைய தலைவரின் மகன் எழுந்தான்.

"இன்னா பெரிய தியாகி? லாரி மேல தூங்கிப் பூட்டவருதானே? இதோ, கூடவே வந்தவரு குந்திக்கினு கீறாரு. அவரையே கேளுங்க."

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. இத்தனை வருஷம் எந்தக் கேள்விக்காக ஏங்கினேனோ, அதே கேள்வி. சோடாக்காரரின் மனைவி முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் எழுந்தேன்.

"எவன்டா சொன்னது தூங்குனாருன்னு? நாலு பேரு அவரை அமுக்கித் தூக்கிக்கினு போனத இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்டா!"

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவர் படத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை, கண்ணீர் மறைத்தது.