சஹனுக்குள் ஒரு சன்னம்

ஒரு வேலையை முழுதாகக் கற்றவன் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. ஒன்றுமே கல்லாதவனுக்குத் திறக்க ஏதுமில்லை. பாதி கற்றவன் இருக்கிறானே, அவனை மட்டும் விருந்துக்குக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் இறைச்சி பரிமாறக் கூடாது.

நான் அப்போது பாதி கற்றிருந்தேன். (பாதி என்பது என் மதிப்பீடு. எனக்குப் பயிற்சி தந்த சேரிடம் கேட்டால் கால்வாசி என்பார்.) கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில், துவக்குகளையும் அவற்றிலிருந்து பாயும் சன்னங்களையும் பரிசோதிக்கும் பிரிவில் பயிலுநர். பிடிபட்ட துவக்கைத் தண்ணீர்த் தொட்டிக்குள் சுட வேண்டும். அந்தச் சன்னத்தையும் சம்பவ இடத்தில் கிடைத்த சன்னத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே வட்டத்தில் காட்டும் நுணுக்குக்காட்டியில் கழுத்து ஒடிய ஒடியப் பார்க்க வேண்டும். இரண்டிலும் கீறல்கள் பொருந்தினால் அதே துவக்கு. பொருந்தாவிட்டால் கழுத்து வலிதான் மிச்சம்.

பள்ளிவாசல்துறையில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்த முதல் ஆள் நான். கடலுக்குப் போகிற வாப்பாவுக்கு என் வேலை கடைசி வரை பிடிபடவில்லை.

"சண்டதான் முடிஞ்சிட்டே மகன். இன்னும் என்னத்துக்குத் துவக்கோட மாரடிக்கிறாய்?" என்று கேட்டார். விளக்கினேன். யோசித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள், மகன் 'துவக்கு டொக்டர்' ஆகிவிட்டதாக ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

அந்தப் பட்டம் வண்ணாத்திவில்லு வரை போய் ஒரு சம்பந்தத்தைக் கொண்டுவந்தது. பெண்ணின் வாப்பா ஒரு ஹாஜியார். கச்சான் தோட்டமும் தென்னந்தோட்டமும் உள்ளவர். பயிரை மிதிக்க வரும் மிருகங்களை விரட்ட அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கும் வைத்திருந்தார். மகள் ரிஸ்னா. படம் வந்த நாளிலிருந்து என் நுணுக்குக்காட்டியின் இடது பாதியிலும் அவள், வலது பாதியிலும் அவள். நூற்றுக்கு நூறு பொருத்தம். இந்தச் சம்பந்தம் தவறினால் எனக்கு வாழ்க்கையில்லை என்று அலுவலகக் கழிவறைக் கண்ணாடியிடம் சொல்லியிருக்கிறேன்.

பெண் பார்க்கப் போன அன்று பகல் சாப்பாட்டுக்கு சஹன் வைத்தார்கள். நடுவே பெரிய தட்டில் சோறு, அதன்மேல் இறைச்சி, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். ஹாஜியார், வாப்பா, நான். நாலாவதாக ஹாஜியாரின் பழைய சிங்களச் சிநேகிதர் பண்டார மஹத்தயா. வனவிலங்குகளைப் பாதுகாக்கும் உத்தியோகத்தர், மான் சுடுகிறவர்களுக்கு எமன். அன்றைக்கு லீவில், சாரத்தோடு, சம்மணம் போட்டு, எங்களைவிட அழகாகக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மகன்ட வேல என்ன மாதிரி? துவக்கு ரிப்பெயரா?" என்று ஹாஜியார் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். நான் விரிவுரை நடத்தினேன். குழலின் கீறல்கள் கைரேகை மாதிரி என்றேன். திரைச்சீலைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. உடனே குரலை இன்னும் உயர்த்தினேன்.

"சன்னத்த மட்டும் காட்டுங்க ஹாஜியார். எந்தத் துவக்கால சுட்டதெண்டு செல்லுவன்."

(பொய். ஹாஜியார் வைத்திருந்த மாதிரித் துவக்கின் குழல் உள்ளே வழவழப்பானது. அதிலிருந்து சிதறும் சன்னங்களில் துவக்கை இனங்காட்டும் கீறல் விழாது. பயிற்சியின் முதற்பாடமே அதுதான். வளையலுக்கு அது தெரியவா போகிறது?)

"மாஷா அல்லாஹ்!" என்றார் ஹாஜியார். சந்தோஷத்தில் ஒரு நல்ல துண்டாகப் பார்த்துப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். சஹனில் விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை அது.

கடித்தேன். கடக்.

மெல்ல வெளியே எடுத்தேன். சாம்பல் நிறம், பளபளப்பு, ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் எலும்பில் மோதியது போல நசிவு. புத்தகத்தில் பார்த்த அதே படம்! சேர் சொல்லித்தந்த எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். விரல் நகம் படாமல் பிடித்தேன். தண்ணீரில் அலசினேன். கடதாசித் துண்டில் வைத்து மடித்தேன். 'பரிசோதித்து முடியும்வரை வாயைத் திறக்காதே' என்றும் சேர் சொல்லித்தான் இருந்தார். அது மட்டும் அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

"ஹாஜியார், இது சன்னம்," என்றேன். "மான் சுடுறதுக்குப் போடுற பெரிய சன்னம்."

பண்டார மஹத்தயாவின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"மொனவத?" என்றார் முதலில் தன் சிங்களத்தில். பிறகு தமிழில், "ஹாஜியார், ஆடு எண்டுதானே எனக்குச் சொன்னது?"

"வல்லாஹி ஆடு! என்ட கையால அறுத்த ஆடு!" ஹாஜியாரின் முகம் சிவந்தது. "உம்மாவ கூப்பிடு மகள்! அந்தத் தலைய கொண்டுவாங்க!"

ரிஸ்னாவின் உம்மா சட்டியோடு வந்தார். மறுநாள் சூப்புக்கு வைத்திருந்த ஆட்டுத்தலை, சஹனுக்குப் பக்கத்தில் சாட்சிக் கூண்டில் ஏறியது மாதிரி என்னையே பார்த்தது. பண்டார மஹத்தயா குனிந்து கொம்பைப் பார்த்தார், காதைப் பார்த்தார். "ஆடுதான்," என்று நிமிர்ந்தார்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் சொன்னேன்: "அப்ப ஆட்டத்தான் யாரோ சுட்டிரிக்கி."

வாப்பா என் தொடையில் கிள்ளினார். பெரிய மீனைப் பிடித்து இழுக்கிற விரல்கள். நான் அசையவில்லை. விஞ்ஞானம் பேசும்போது தொடை வலிக்காது.

"சுட்ட ஆட்டயா நான் சம்பந்தகாரருக்குப் போட்டன்? ஹராமயா போட்டன்?" ஹாஜியார் கையை உதறிக்கொண்டு எழுந்தார். வளர்த்த ஆட்டை அறுக்காமல் சுட்டால் அது மார்க்கத்தில் விலக்கப்பட்டது; அந்த வீட்டில் அதைவிடப் பெரிய அவமானம் ஒன்று இருக்க முடியாது. பண்டார மஹத்தயா அவரைச் சாந்தப்படுத்தப் பார்த்தார். "கோபம் வேணாம் ஹாஜியார். அத எனக்குத் தாங்க தம்பி. நான் எழுதி கொழும்புக்கு அனுப்புறது. அங்க பாத்துச் சொல்லுவாங்க. உங்கட பேரும் சுத்தமாகும்."

கொழும்பு என்றால் எங்கள் ஆய்வுகூடம். அதைத் திறந்து பார்க்கப்போகிறவர் என் சேர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஐஸ் போட்ட சர்பத் வந்தது. ஒரு மிடறு குடித்தேன்.

கடைவாயிலிருந்து உச்சந்தலைக்கு மின்னல் ஒன்று ஏறியது. நாக்கு தானாக அங்கே போனது. போன இடத்தில் ஒரு கிணறு இருந்தது.

விடயம் இதுதான். எங்கள் குடும்பத்தில் பல் வலித்தால் பிடுங்குவதுதான் வழக்கம். பல்லை அடைத்துக்கொண்ட முதல் ஆளும் நான்தான். அந்த வருட நோன்புக்கு முன்னர்தான் கொழும்பில் ஒரு டொக்டர், சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஏதோ வைத்து அடைத்துவிட்டிருந்தார்.

பண்டார மஹத்தயா பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார். பேசாமல் இருந்தால் ஹாஜியாரின் ஆடு வழக்காகிக் கொழும்புக்குப் போகும். பேசினால் ரிஸ்னா போவாள். திரைச்சீலையைப் பார்த்தேன். அது அசையவே இல்லை.

"மஹத்தயா… அத அனுப்ப வேணாம்."

"ஏன்?"

"அது என்ட பல்லடைச்சது."

பண்டார மஹத்தயா பொட்டலத்தைப் பிரித்தார். "வாயைத் திறங்க," என்றார். திறந்தேன். அவர் பார்த்தார். ஹாஜியார் குனிந்து பார்த்தார். வாப்பாவும் எட்டிப் பார்த்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் கடைவாயை இத்தனை பேர் பார்த்தது புத்தளம் மாவட்டத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"படிக்க அனுப்பக்குள்ள முழுப்பல்லோடதான் அனுப்பின ஹாஜியார்," என்றார் வாப்பா.

ஹாஜியார் சிரிக்கவில்லை. "செல்லி அனுப்புறன்," என்று மட்டும் சொல்லி எங்களைப் படலை வரை கொண்டுவந்து விட்டார். எங்கள் பக்கத்தில் அதற்கு 'இனி வராதீங்க' என்று அர்த்தம். பஸ்ஸில் வாப்பா பள்ளிவாசல்துறை வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் கடைவாயில் கையை வைத்துக்கொண்டே வந்தேன். வலித்தது பல் இல்லை.

மறுநாள் வேலைக்குத் திரும்பி சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பண்டார மஹத்தயா என்னிடமே திருப்பித் தந்திருந்த அந்தத் துண்டை அவர் கேட்டு வாங்கி, ஒரு வெள்ளைத் தாளில் தேய்த்தார். "சன்னம் ஈயம். ஈயம் என்றால் தாளில் கோடு விழும். பார், விழவில்லை," என்றார். பிறகு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இப்போது புதிதாக வரும் பயிலுநர்களுக்கு முதல் பரிசோதனையாக அதைத்தான் கொடுக்கிறோம். பெரும்பாலானவர்கள் சன்னம் என்றே எழுதுகிறார்கள். நான் யாரையும் திட்டுவதில்லை.

ஹாஜியாரிடமிருந்து செய்தி வரத்தான் செய்தது. அன்று நாங்கள் போன பிறகு, திரைச்சீலைக்குப் பின்னால் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ரிஸ்னா, சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் விழுந்துவிட்டாளாம். ஹாஜியார் வேறு மாப்பிள்ளைகளின் படங்களைக் கொண்டுவந்து காட்டக் காட்ட, ஒவ்வொருவரையும் பார்த்து, "இவரு வாயைத் திறந்து காட்டுவாரா வாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கல்யாணச் சஹனிலும் பண்டார மஹத்தயா எங்களோடுதான் உட்கார்ந்தார். இன்றைக்கும் வீட்டில் சோற்றுக்குள் ஒரு கல் கடிபட்டு என் முகம் மாறினால் போதும், ரிஸ்னா கறிச்சட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள்: "சத்தம் போடாம முழுங்குங்க. மஹத்தயா வந்திருவாரு."