வாசனையை வென்ற புதினா

மனிதகுலம் கண்ட நிர்வாக மேதைகளில் முதலிடம் வாசனைத் தாவர ஆய்வு நிறுவனத்தின் இயக்குநருக்கே உரியது. இதில் அந்த நிறுவனத்தில் எவருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகப்பட்டவர்கள் மாற்றலாகிப் போயிருந்தார்கள்.

அப்பேர்ப்பட்டவரின் அறைக்குள் புதினா ஆய்வாளர் நுழைந்தபோது அவளிடம் ஒரு கண்டுபிடிப்பும் ஒரு கவலையும் இருந்தன. கவலை, ஆண்டு முடிவோடு முடியப்போகும் வேலை ஒப்பந்தம். அதை நீட்டிக்கும் அதிகாரம் எதிரே சுழல் நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்தது.

"சார், புதினா இலையில பொடிப்பொடியா முடி இருக்கு. அது நுனியில சின்னப் பை. எண்ணெய் அதுலதான் ஊறுது. எண்ணெய் செய்யற ஜீன் நிறைய. ஆனா எல்லாத்துக்கும் மேல ஒரே ஒரு ஜீன் உக்காந்திருக்கு."

நாற்காலி ஆட்டம் நின்றது. "மேலயா?"

"ஆமா சார். மத்ததெல்லாம் அது சொன்னபடிதான் கேக்குது."

"அது எண்ணெய் செய்யாதா?"

"ஒரு சொட்டுகூடச் செய்யாது. கட்டுப்படுத்தறது மட்டுந்தான் அதோட வேலை."

இயக்குநரின் கண்கள் பனித்தன. தன் நீண்ட சேவையை இயற்கை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துவைத்திருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"என்னம்மா பேர் வெச்சிருக்கே?"

"இன்னும் வைக்கல சார்."

"வெச்சாச்சு."

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. மேற்படி ஜீன் இனி 'இயக்குநர் ஜீன்' என்றே அழைக்கப்படும். கேக் வெட்டப்பட்டது. கைகள் தட்டப்பட்டன.

சொல்லாமல் விட்ட மீதிச் செய்தியோடு மறுநாள் அவள் மறுபடி போய் நின்றாள்.

"சார், நேத்து பாதிதான் சொன்னேன். அந்த ஜீன் எண்ணெயைக் கூட்டல. 'போதும், நிறுத்து'ங்குது. அவ்வளவுதான். அதை அடக்கிட்டா எண்ணெய் ரெண்டு மடங்கு வருது."

"எதை அடக்கிட்டா?"

"இயக்குநர்..."

"அடக்கின செடிங்க எங்க இருக்கு?"

"கண்ணாடிக் கூடத்துல சார். ரெண்டு வருஷ வேலை. கதவைத் தொறந்தாலே கும்முனு..."

"பிடுங்கிப் போட்டுடு. மேலிடத்தை மதிக்காத செடி நமக்கு வேண்டாம். அந்த ஜீனுக்கு இன்னும் பலம் குடு. நம்ம வாரியத் தலைவரைக் கூப்பிட்டு அந்தப் புதினாவை வெளியிடுவோம். உன் ஒப்பந்தத்தை அப்புறம் பேசிக்கலாம்."

வீட்டில் கணவரிடம் புலம்பினாள். அவர் துணி மடித்தபடி கேட்டார்: "புதினா இல்லைன்னா கொத்தமல்லி. வேலை இல்லைன்னா?"

தத்துவம் இதற்கு மேல் போகாது. மறுநாள் செடிகளைப் பிடுங்கினாள். கையில் ஒட்டிய மணம் மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை.

மாதங்கள் சென்றன. மேலதிகாரம் பலப்படுத்தப்பட்ட புதிய புதினா பட்டுப்போல் வளர்ந்தது. பார்க்கக் கண் கோடி வேண்டும். கசக்கி முகர்ந்தால் நனைந்த காகிதம்.

வெளியீட்டு விழா. வாரியத் தலைவர் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"எனக்கு ரெண்டு நாளா சளி," என்றார் தலைவர். "நீங்களே சொல்லுங்க."

இயக்குநர் முகர்ந்தார். "பிரமாதம்னு தெரியுது சார். ஆனா எனக்கும் மூக்கடைப்பு."

இலை நகர்ந்தது. துணை இயக்குநருக்குக் காலையிலிருந்து ஜலதோஷமாம். கணக்கு அதிகாரி சான்றாக ஒரு தும்மலே போட்டார். வரிசை வரிசையாக விஞ்ஞானிகள் கைக்குட்டையை எடுத்தார்கள். கொள்ளைநோய் இவ்வளவு வேகமாகப் பரவியதாகச் சரித்திரம் இல்லை.

கடைசியில் இலை அவளிடம் வந்தது. இயக்குநர் அவளையே பார்த்தார்.

"உனக்கு எப்படிம்மா இருக்கு?"

"எனக்குச் சளியெல்லாம் இல்ல சார்."

அவள் இலையை மூக்கருகே கொண்டுபோனாள். ஆழமாக இழுத்தாள். கண்களை மூடினாள்.

"ஆளைத் தூக்குது சார்."

கரவொலி அடங்க வெகுநேரமாயிற்று. ஒப்பந்தம் அங்கேயே, அந்த மேடையிலேயே, ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. நியாயந்தானே? மற்றவர்களுக்கெல்லாம் அடைத்திருந்தது மூக்கு மட்டும்தான்.