சல்லடை அண்ணன் சலித்த ஸ்டார்கள்

இந்தியாவில் ஒரு கார்கூட வாங்காமல் எல்லாக் கார் கம்பெனிகளின் மானத்தையும் வாங்கியவர் யார் என்று கேட்டால், போடிநாயக்கனூரில் எங்கள் எதிர்வீட்டுச் சல்லடை அண்ணன்தான் என்று கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

ஏலக்காய் கடையில் ரகம் பிரிப்பது அவர் தொழில். சல்லடையில் காயைப் போட்டு நாலு ஆட்டு ஆட்டினால் பெரிய காய் மேலே நிற்கும், சின்னது கீழே விழும். மனிதர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

என் மனைவி மலைமேல் இருக்கும் குரங்கணிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். போக வர ஜீப்பு. அது குலுக்கிய குலுக்கலில் முதுகில் டிஸ்க் விலகி, இரண்டு மாத லீவு. "இனி ஜீப்பில் ஏறினால் படுத்த படுக்கைதான்" என்றார் டாக்டர். லீவு முடிவதற்குள் குலுங்காத கார் ஒன்று வாங்க வேண்டும்; இல்லாவிட்டால் பதினோரு வருட வேலையை அவள் விட்டுவிட வேண்டும். நான் போனில் விமர்சனங்களைப் பார்த்து, அதிக ஸ்டார் வாங்கிய வண்டியைப் பிடித்துவைத்தேன். சும்மா இருக்காமல் அதை அண்ணனிடம் காட்டினேன் பாருங்கள், வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை.

"நாலு புள்ளி மூணா? இந்தா, பக்கத்து வண்டிக்கு?"

"அதுக்கும் நாலு புள்ளி மூணுதாண்ணே."

"அதுக்கடுத்தது?"

"நாலு புள்ளி ரெண்டு."

அண்ணனுக்கு மீசை துடித்தது. "எல்லாருக்கும் ஒரே மார்க்குன்னா பரீச்சை எதுக்குத் தம்பி? நல்ல காயையும் பொக்கையும் ஒரே சாக்குல கொட்டி, சராசரி இதுதான்னு நான் ஏலத்துக்குக் கொண்டுபோனா செருப்பாலயே அடிப்பான். கொண்டா போனை!"

பொக்கு என்றால் உள்ளே விதை இல்லாத வெறுங்காய். வாங்கிய போன் மூன்று நாள் திரும்பி வரவில்லை. வண்டி எடுத்த ஒரே வாரத்தில் ஐந்து ஸ்டார் போட்டவர்கள் எல்லாம் பச்சைக் காயாம். "காய்ஞ்சா கால்வாசிதான் நிக்கும். தள்ளு!" 'சூப்பர்' என்று ஒற்றைச் சொல் எழுதியவர்கள் பொக்கு. கேட்ட கலர் கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு ஸ்டார் போட்ட கோயம்புத்தூர்க்காரரைப் படித்தபோது எழுந்தே நின்றுவிட்டார். "சாக்கு கிழிஞ்சிருந்தா காயை ஏன்டா வையிற?" அந்த முகம் தெரியாத மனிதரை அரை மணி நேரம் வைதார்.

சலித்துச் சலித்து ஏழு பேர் மிஞ்சினார்கள். அவர்களும் சமதளத்தில் ஓட்டியவர்களாம். "நம்ம குரங்கணி ரோட்டுல இடுப்பு வலியோட போயிட்டு வந்தவன் ஒருத்தன் எழுதியிருக்கானா? காட்டு!"

ஒருவரும் எழுதவில்லை. லீவில் பாக்கி எட்டு நாள். ராஜினாமா எழுத என் மனைவி வெள்ளைத்தாள் எடுத்துவைத்ததைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணனை நடுத்தெருவில் மறித்தேன்.

"மலைக்குப் போற பஸ்சுல ஏறுனா மூணாவது வளைவுலயே வாந்தி எடுப்பீங்க. நீங்க காரைப் பத்திப் பேச வந்துட்டீங்களா? உங்க சோலியைப் பாருங்கண்ணே!"

தெருவே வேடிக்கை பார்த்தது. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்புறம் நாலு நாள் ஆளையே காணோம். விட்டது சனி என்று, அந்த நாலு புள்ளி மூணு வண்டிக்கே முன்பணம் கட்டத் தேனிக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் ஷோரூம் பையனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"குரங்கணி டீச்சருக்கா சார்? ஒரு பெரியவர் எங்க உசிரை எடுத்துட்டாரு சார்! ஓட்டிப் பாக்கணும்னு வண்டியைக் குரங்கணிக்கு விடச் சொன்னாரு. மேல போனதும் வாந்தி. வாயைக் கொப்புளிச்சுட்டு, 'இப்ப முன் சீட்டு'ங்கிறாரு. மறுபடியும் கீழருந்து மேல. மறுபடியும் வாந்தி. குழியில விழுந்தப்பல்லாம் தன் இடுப்பைப் புடிச்சுப் பாத்து நோட்டுல எழுதுறாரு. மத்த ஷோரூம் வண்டிகள்லயும் இதே கூத்துதானாம். கடைசியில எங்க வாசல்லயே நின்னு, 'இது டீச்சரம்மா இடுப்புக்கு ஆகாது'ன்னுட்டுப் போறாரு சார்!"

பணம் கட்டாமல் நேரே அண்ணன் வீட்டுக்கு வந்தேன். சுருண்டு படுத்திருந்தார். பக்கத்தில் சொம்பு நிறையச் சீரகத் தண்ணீர். என்னைப் பார்த்ததும் எழுந்து, மூன்று ஸ்டாரைத் தாண்டாத ஒரு வண்டியின் பெயரைச் சொன்னார்.

"ஸ்டாரு கம்மியா இருக்கேண்ணே?"

"கூரையில கண்ணாடி இல்லைன்னு கொறைச்சிருக்கானுங்க. டீச்சரம்மா என்ன கூரையில உக்காந்தா போகப் போகுது? வெரசாப் போய் புக் பண்ணு தம்பி."

யாரும் சீந்தாத வண்டி என்பதால் மூன்றாம் நாளே கிடைத்தது. லீவு முடிந்த மறுநாள் அவள் அதில்தான் குரங்கணிக்குப் போனாள். மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். இடுப்பும் நன்றாக இருக்கிறது, வேலையும் இருக்கிறது.

அந்த மனிதரைத் தெருவில் நிறுத்தி அப்படிக் கேட்டேனே என்று எனக்கு என் மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை. மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் என்னைப் பேசவே விடாமல், "டீச்சரம்மா மலையில இருந்து வந்துருச்சா தம்பி?" என்றுதான் கேட்டார்.