பாலேந்திராவின் இல்லாத வருத்தம்

நியூகாசிலில், சுவர்ணாவின் கடைப் பின்னறையில், அரியதரப் பலகாரத் தட்டு முன்னால் வந்தபோது பாலேந்திராவின் வயிறு போதுமென்று கெஞ்சத் தொடங்கியிருந்தது.

எடின்பரோவிலிருந்து லண்டன் விம்பிள்டன் வரை சைக்கிளில் போவதென்று புறப்பட்டவர் அவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய் பற்றித் தமிழ்ச் சனத்துக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்பது நோக்கம். ஆனால் வழிநெடுகச் சனம் அவருக்கு ஊட்டியது தொதலும் லட்டும் பயத்தம் பணியாரமும். ஸ்கொட்லாந்தின் எதிர்க்காற்றை வென்றுவிட்டார். "ஒண்டே ஒண்டு அண்ணை" என்ற சொல்லை வெல்ல முடியவில்லை.

"எடுங்கோ அண்ணை. விடிய எழும்பிச் சுட்டது," என்றாள் சுவர்ணா.

"வேண்டாம் தங்கச்சி."

"பாதியாவது."

பாலேந்திரா சுற்றுமுற்றும் பார்த்தார். மனைவி சிவனேஸ்வரி வெளியே, அவருக்குத் துணையாக ஓட்டிவரும் வான் வண்டியில் இருந்தாள். "எனக்குச் சீனி வருத்தம், தங்கச்சி."

தட்டு மறைந்தது. சுவர்ணாவின் கண் கலங்கியது.

"அந்த வருத்தத்தோடயோ இவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கி வாறியள்?"

அவர் டயருக்குக் காற்றடித்து முடிப்பதற்குள், செய்தி வட்ஸ்அப்பில் அவரை முந்திக்கொண்டு லீட்ஸுக்குப் போய்விட்டது.

பாலேந்திராவுக்குப் பொய் பழக்கமில்லை. வருத்தமும் பழக்கமில்லை, காய்ச்சலுக்கே டொக்டரிடம் போகாத மனிதர். அகதியாக ஜெர்மனியில் இருந்த காலத்தில், கொட்டும் பனியிலும் சைக்கிளில் போய்ப் பேப்பர் போட்டவர். லண்டனுக்கு வந்தபின் சிநேகிதன் மேர்வினோடு சேர்ந்து வீடு வீடாக டைல்ஸ் பதித்தார். அந்த மேர்வினுக்காகத்தான் இந்தப் பயணம். மேர்வின் தன் சீனி வருத்தத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. காலில் வந்த புண்ணையும் வேலைச் சப்பாத்துக்குள்ளேயே ஒளித்துவைத்தார். ஆஸ்பத்திரியில் காலை எடுத்த பிறகுதான், நாள் முழுக்கப் பக்கத்தில் முழங்காலில் நின்று வேலை செய்த பாலேந்திராவுக்கே விஷயம் தெரிந்தது.

"சொன்னாச் சனம் என்ன நினைக்கும், மச்சான்?" என்று மேர்வின் கேட்டார்.

அந்தக் கேள்வி பாலேந்திராவைத் தூங்கவிடவில்லை. அறுபதை எட்டும் வயதில் மறுபடி சைக்கிளில் ஏறினார். 'சீனி வருத்தத்தை ஒளிக்காதேங்கோ' என்று சட்டையில் பெரிதாக எழுதிக்கொண்டார்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். பாலேந்திராவுக்குக் கிடைத்தது. லீட்ஸில், சீனிக்கு நல்லதென்று பாவற்காய்ச் சாறு, குறிஞ்சா இலைச் சுண்டல், கல்லுப்போலக் குரக்கன் ரொட்டி.

"என்னப்பா இது? எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்லினம்," என்று சிவனேஸ்வரி வானுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு எப்ப சீனி வந்தது?"

"நியூகாசிலில."

"ஆர் கண்டுபிடிச்சது?"

"நான்தான். அரியதரத்தைக் கண்ட உடன."

"போய் உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ!"

சொல்லத்தான் இறங்கினார். அதற்குள் முருகேசன் என்ற லொறிச் சாரதி அவரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனார். ஆள் மலைபோல இருந்தார். குரல் மட்டும் கிசுகிசுப்பாக வந்தது.

"அண்ணை, எனக்கும் இருக்கு. மனுசிக்கே தெரியாது. டொக்டர் தந்த குளிசையை லொறிக்குள்ள ஒளிச்சு வைச்சுப் போடுறன். உங்கட செய்தியை வட்ஸ்அப்பில பார்த்தன். இண்டைக்கு அவளிட்டச் சொல்லப்போறன்."

பாலேந்திரா உண்மையைப் பாவற்காய்ச் சாறோடு சேர்த்து விழுங்கினார்.

அதற்காக இல்லாத வருத்தத்தை எவ்வளவு தூரத்துக்குக் காவித் திரிவது? லெஸ்டரில் அதை மெல்லக் கழற்றிவிடப் பார்த்தார். "சைக்கிள் ஓடி ஓடி இப்ப எனக்கு எல்லாம் சுகம்," என்று கூட்டத்தில் சொன்னார். பலத்த கைதட்டல்.

மறுநாள் முருகேசனின் அழைப்பு வந்தது. "அண்ணை, நானும் ஒரு சைக்கிள் வாங்கிப்போட்டன்! குளிசையெல்லாத்தையும் எறிஞ்சாச்சு!"

"ஐயோ! ஓடிப்போய்ப் பொறுக்குங்கோ!"

அன்று பாலேந்திரா மிதித்த மிதியை அவர் வாழ்நாளில் மிதித்ததில்லை. மழையில் நனைந்து, லண்டனுக்குள் நுழைந்து, வெம்பிளியில் ஒரு தமிழ் வானொலி நிலையத்தின் வாசலில் சொட்டச் சொட்ட நின்றார். நேரடி ஒலிபரப்பில் தொண்டை கிழியக் கத்தினார்:

"எனக்கு வருத்தம் மாறேல்லை! நானும் குளிசை போடுறன்! டொக்டரைக் கேக்காமல் ஒருத்தரும் மருந்தை நிப்பாட்டாதேங்கோ!"

அறிவிப்பாளர் அஜித்தா உருகிப்போனாள். "எவ்வளவு துணிவு! நேயர்களே, ஞாயிற்றுக்கிழமை அண்ணை விம்பிள்டன் மண்டபத்துக்கு வந்து சேருவார். அங்க இலவசமாச் சீனி சோதிக்கினம். எல்லாருக்கும் முன்னால, மேடையில, அண்ணைதான் முதல் விரலை நீட்டுவார். என்னண்ணை?"

ஒலிவாங்கி முகத்துக்கு முன்னால் இருந்தது. "ஓம்," என்றார் பாலேந்திரா.

"இனி என்ன செய்யப்போறியள்?" என்று வழியெல்லாம் கேட்டாள் சிவனேஸ்வரி.

"பொய்யெண்டு தெரிஞ்சால் முருகேசன் மாதிரி ஆக்கள் பிறகு வாயே திறக்கமாட்டினம். மேர்வினின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்துக்குப் போகும் வழியில், டூட்டிங் கடைத்தெருவில் அவரைத் திடீரென்று காணவில்லை. சிவனேஸ்வரி வானை நிறுத்திவிட்டுத் தேடினாள். ஒரு இனிப்புக் கடையின் பின்புறம், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே, 'ஒளிக்காதேங்கோ' என்ற சட்டையோடு ஒளிந்து நின்று, பாலேந்திரா பெட்டியிலிருந்த ஜிலேபிகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிறியள்?"

"சோதினைக்கு ஆயத்தப்படுறன்," என்றார் வாய் நிறைய.

விம்பிள்டன் மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் மேர்வின் இருந்தார். பாலேந்திரா சைக்கிளை உருட்டிக்கொண்டு நுழைந்தபோது, செயற்கைக் காலை ஊன்றி எழுந்து நின்று கைதட்டினார். லீட்ஸிலிருந்து முருகேசன் மனைவியோடு வந்திருந்தார். இருவரும் கைகோத்து நின்றார்கள்.

மேடையில் தாதி கஜந்தினி அவருடைய விரலில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைச் சின்ன மெசின் ஒன்றுக்குள் விட்டாள். கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. மெசின் கீச்சிட்டது. கஜந்தினி அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"நல்லாக் கூடத்தான் இருக்கு, அண்ணை."

பாலேந்திராவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. சபை "ஐயோ" என்றது.

மேர்வின் திரும்பிச் சபையைப் பார்த்தார். "இவ்வளவு சீனியோட மனுசன் எடின்பரோவில இருந்து உழக்கி வந்திருக்கிறான். நாங்கள் விரலை நீட்டுறதுக்கு என்ன வெக்கம்? நான் ஒளிச்சுத்தான் காலைக் குடுத்தனான்."

அந்த வார்த்தையை மேர்வின் பத்துப்பேர் முன்னால் சொன்னது அதுவே முதல்தடவை. முதலில் ஒருவர் எழுந்தார். பிறகு ஒரு வரிசையே எழுந்தது. ஊர்ச் சங்கத் தலைவர்களும், கடை முதலாளிகளும், 'எனக்கொண்டும் இல்லை' என்று பேர்போன பெரியவர்களும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். வரிசை மண்டப வாசலைத் தாண்டி வீதிக்குப் போனது. பாலேந்திராவின் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதே. ஆரவாரத்துக்கு நடுவே கஜந்தினியின் காதருகே குனிந்தார்.

"தங்கச்சி, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாற வழியில ஒரு பெட்டி ஜிலேபி சாப்பிட்டனான். அதுதான் ஏறிக் காட்டுது."

கஜந்தினி அவருடைய கையை விடவில்லை.

"இண்டைக்குச் சாப்பிட்ட ஜிலேபியை இந்த மெசின் காட்டாது, அண்ணை. இது காட்டுறது உங்கட போன மூண்டு மாசத்துச் சீனி."