உள்ளங்கை ஆய்வுக்கூடம்

நம் பக்கம் ஓர் இனம் உண்டு. எதையும் தொட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொல்லும் இனம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சலா, நெற்றியில் கை வைத்து "நூத்தியொண்ணு புள்ளி நாலு" என்பார். டீக்கடை பெஞ்சின் பலகையைத் தடவி, அதன் இரும்புக் காலையும் தடவி, "இரும்புதாங்க குளிர்ச்சி" என்று ஊருக்கே அறிவிப்பார். இரண்டும் ஒரே நிழலில் கிடப்பவை, ஒரே அளவு சூடுதான், இரும்பு நம் கைச்சூட்டை வேகமாக இழுத்துக்கொள்வதால் ஜில்லென்கிறது என்று யாராவது சொன்னால்? சொன்னவரின் நெற்றியையும் தொட்டுப் பார்ப்பார்.

பாடாலூர் பரணிதரன் இந்த இனத்தில் முதல் வரிசை. மனைவி பூவிழி பள்ளிச் சீருடை தைப்பவர். அதற்கென்று மாடியில் ஓர் அறை எழும்பியது. பகல் முழுக்க அவர் உட்காரப் போகும் அறை. கூரைக்கு என்ன போடுவது? மகள் வெற்றிச்செல்வி, அரியலூரில் சிமென்ட் ஆலைச் சோதனைக்கூடத்தில் இருப்பவள், சொன்னாள்:

"வெறுந்தகரம் வேணாம்ப்பா. அடியில தெர்மாகோல் குடுங்க. ஒரு பக்கம் சூடு வெச்சு, அந்தப் பக்கம் எவ்ளோ தாண்டி வருதுன்னு நாங்க மிஷின்ல அளக்குறோம். தகரம் சூட்டை அப்படியே உள்ள விட்டுடும்."

"மிஷினுக்குக் கை இருக்கா?"

மார்கழிக் காலை ஏழு மணிக்குப் பெரம்பலூர்க் கடையில் பரணிதரன் தகரத்தில் கை வைத்தார். ஜில்! தெர்மாகோலில் வைத்தார். வெதுவெதுப்பு.

"பாத்தியா பூவிழி? பனியிலயே சுடுது. சித்திரையில வெந்துருவ."

பூவிழி மகளை நினைத்தார், புருஷனைப் பார்த்தார். வெறுந்தகரம் ஏறியது.

சித்திரை வந்தது. கைச்சூட்டை அத்தனை வேகமாக வாங்கிய தகரம், வெயிலையும் அதே வேகத்தில் வாங்கி உள்ளே இறக்கியது. துணியெல்லாம் வியர்வைக் கறை. மூன்றாம் நாள் பூவிழி தையல் மிஷினைக் கூடத்துக்கு இறக்கிப் போட்டார், ஃபேனுக்கு நேர் கீழே, பரணிதரன் மத்தியானம் படுக்கும் இடத்தில்.

"நான் எங்க படுக்கறதாம்?"

"மாடியிலங்க. உங்க கைக்குத்தான் ஜில்லுன்னு இருந்துச்சுல்ல."

போனார். ஸ்டூலில் ஏறிக் கூரையைத் தொட்டார். உள்ளங்கை சிவக்க இறங்கி வந்து சொன்னார்: "இப்பல்லாம் தகரத்துலயே கலப்படம் பண்றானுங்க."

சிரிக்கிறீர்களா? நல்லது. டீக்கடை பெஞ்சைப் பற்றிப் படித்ததும், பக்கத்து ஜன்னல் கம்பியை ஒரு தடவு தடவி, 'என்ன இருந்தாலும் இரும்பு ஜில்லுன்னுதானே இருக்கு' என்று நினைத்தது யார்?

கையை எடுங்கள்.